என் கையால் ஒரு போர்வை

டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, ஆட்டோ வரிசையைத் தாண்டி, மார்க்கெட்டுக்குப் பின்னால் போகிற சந்தில் ஒரு சின்ன தர்கா இருக்கிறது. இங்கே மஜார் என்பார்கள். அங்கே அடக்கமாகியிருக்கும் இறைநேசர், எங்கள் சொல்லில் அவுலியா, வேலூர்ப் பக்கத்திலிருந்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் வந்தவராம். உள்ளறையில் அவருடைய கபுர், அதாவது சமாதி; அந்த அறைக்கு டைல்ஸ் ஒட்டியபோது வாசலுக்கு மேலே ஒரு தகரப் பலகை மாட்டினார்கள். பெண்கள் இதற்கு அப்பால் வரக் கூடாது என்று வங்காளத்தில் ஒரு வரி, உருதுவில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. வங்காள வரியில் தடை என்ற சொல்லிலேயே எழுத்துப் பிழை. ஆங்கிலத்தில் லேடீஸ் என்பதற்கு ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. விரட்டுவதற்குக்கூட ஒழுங்காக எழுதத் தெரியவில்லையே என்று முதலில் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, வெளி ஜன்னலின் துளைகள் விட்ட கல் ஜாலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பாத்திஹா ஓதிவிட்டு, கத்தரிக்காய் வாங்கப் போய்விட்டேன்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் பலரையும் திட்டப்போகிறேன். நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் சட்டப் பிரிவில் தட்டச்சு செய்கிறவள். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த மறு வருஷமே எனக்கும் வேலை கிடைத்தது. முப்பது வருஷமாக உரிமை, பாகுபாடு, சமத்துவம் என்ற சொற்களைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் பிழையோடு எழுதிய ஒரு தகரத்துக்கு ஏழு வருஷம் கீழ்ப்படிந்து நின்றேன். யார் எழுதினார்கள், எந்த அதிகாரத்தில் எழுதினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வைத்தது என் உம்மா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். எப்படிப்பட்ட கட்டி என்பது கர்ப்பப்பையோடு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். செய்தி கேட்டதும் உம்மா எங்கள் ஊரிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். எங்கள் ஊர் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. அங்கிருந்து கல்கத்தா இரண்டு இரவு, இரண்டு பகல். எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவள். தமிழைத் தவிர வேறு ஒரு பாஷையும் தெரியாது. ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் உட்கார்ந்து அவள் ஒரு நேர்ச்சை வைத்தாள். என் மகள் பிழைத்து வந்தால், டாலிகஞ்ச் அவுலியாவின் கபுர் மேல் என் கையால் ஒரு போர்வை போர்த்துகிறேன் என்று.

‘என் கையால்’ என்பதுதான் வினை. எங்கள் பக்கத்தில் நேர்ச்சை என்றால் வாயிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே தீர்க்க வேண்டும். ஆடு என்று சொல்லிவிட்டுக் கோழி கொடுக்க முடியாது. ஒரு போர்வை என்று சொல்லியிருந்தால் யார் கையில் கொடுத்தாவது போட்டிருக்கலாம். உம்மாவுக்குப் பலகை விஷயமே தெரியாது. கடைசியாக அவள் கல்கத்தா வந்தது என் முதல் பிரசவத்துக்கு. அப்போது வாரா வாரம் வியாழக்கிழமை அந்தக் கபுருக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்து யாசீன் ஓதிவிட்டு வருவாள். அந்த நினைவிலேயே வாயை விட்டுவிட்டாள். நானாவது சொல்லியிருக்க வேண்டும். ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் மீன் விலை முதல் மழை வரை சொன்ன நான், இதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றியதில்லை.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது. நான் எழுந்து நடமாட ஆரம்பித்த மூன்றாவது வாரம் உம்மா போர்வையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். பச்சைப் பட்டு, ஓரத்தில் ஜரிகை. ஓரத்தை அவளே கையால் மடித்துத் தைத்திருந்தாள். நானும் கணவரும் கூடப் போனோம். உள்ளறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வயதான காதிம், கபுரைக் கவனித்துக்கொள்கிறவர், பதறி எழுந்து கையை நீட்டினார்.

“பேத்தொரே ஜாபேன் நா, மாஷிமா. மெயேதேர் பாரோன்.”

“என்ன சொல்லுதாவ இவுவ?” என்றாள் உம்மா.

“உள்ள போகக் கூடாதாம். பொம்பளைங்களுக்குத் தடையாம்.”

உம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஏதோ தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். “நான் இங்கன உக்காந்து ஓதியிருக்கேன்னு சொல்லு. இவுவளுக்கு என்னைய ஞாபகம் இருக்காது. சொல்லு” என்றாள்.

சொன்னேன். அவர் பரிதாபமாகத் தலையை ஆட்டிவிட்டுப் பலகையைக் காட்டினார். அதற்குள் என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராகிவிட்டார். வீட்டில் ஒரு ட்யூப்லைட் மாற்ற இரண்டு மாதம் எடுத்துக்கொள்கிறவர், இதற்கு மட்டும் என்ன வேகம்.

“குடுங்க மாமி, நான் போட்டுட்டு வர்றேன். யாரு போட்டா என்ன, அல்லாவுக்குத் தெரியாதா?”

“அல்லாவுக்குத் தெரியும் மாப்பிள்ள. அதான் பயமா இருக்கு” என்றாள் உம்மா. “உங்க கையாலன்னு நான் சொல்லலியே.”

போர்வையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. படியில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் எட்டு ஆண்கள் உள்ளே போய் வந்தார்கள். அதில் ஒருவர் வாயில் பான்.

ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை உம்மா ரத்து செய்யச் சொன்னாள். நேர்ச்சையைக் கடனாக வைத்துக்கொண்டு மௌத்தாக அவளுக்கு மனசில்லை. “எனக்கு இனி எத்தன நாளுன்னு யாருக்குத் தெரியும் புள்ள, இந்த முட்டியோட இன்னொரு தடவ இந்த ஊருக்கு வர முடியுமா?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி ரயிலேற்றி விட்டிருப்பேன். அவள் போர்வையை மடித்து என் பீரோவில், என் ஆபீஸ் புடவைகளுக்கு மேலே வைத்தாள். தினமும் காலையில் பீரோவைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

மறு வாரம் கமிட்டி செயலாளரைப் பார்க்கப் போனேன். கல்யாணத்துக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர் அவர். தர்காவின் பக்க அறைதான் ஆபீஸ். ஹிந்தியும் உருதுவும் வங்காளமும் கலந்து பேசுவார். என்னைப் பார்த்துப் பேசாமல், என் தோளுக்கு மேலே சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பேசினார். அது கண்ணியமாம்.

முதலில் சுத்தம் என்றார். பெண்களுக்கு மாதத்தில் சில நாள் இருக்கிறதல்லவா, யாரைப் போய்க் கேட்பது, அதனால் பொதுவாக எல்லோருக்கும் தடை. என் உம்மாவுக்கு எழுபத்தாறு வயது என்றேன், எனக்குப் போன மாதம்தான் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன், வேண்டுமானால் ரிப்போர்ட் காட்டுகிறேன் என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கடிகாரத்தையும் விட்டுவிட்டு மேஜையைப் பார்த்தார்.

பிறகு நெரிசல் என்றார். பெண்களின் பாதுகாப்புக்காகத்தான். அப்படியானால் நெரிசல் பண்ணுகிறவர்களை அல்லவா வெளியே நிறுத்த வேண்டும் என்றேன். அதற்கு அவர் ஒரு சிரிப்பு சிரித்தார், குழந்தை ஏதோ உளறியதைப் போல. கடைசியில் அவுலியாவே ஒருவருடைய கனவில் வந்து சொன்னதாகச் சொன்னார். யார் கனவில் என்று கேட்டேன். முந்தைய செயலாளர் கனவிலாம். இருநூறு வருஷம் பெண்களோடு நிம்மதியாக இருந்த பெரியவர், டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு செயலாளர் தூக்கத்தில் வந்து புகார் சொன்னாராம். என் காதில் பூச்சுற்ற வந்தவர் தோட்டத்தையே சுற்றினார்.

“கமிட்டியில் தீர்மானம் போட்டீர்களா? நகல் கொடுங்கள்” என்றேன்.

தீர்மானம் எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றவும் என்று பலகை எழுத வந்த பெயின்டரிடம், அப்படியே இதையும் எழுதிவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான் சட்டம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. கிளம்பும்போது அறிவுரை வேறு: பெண்ணுக்கு அடக்கம்தான் அழகு என்று அவர் பாஷையில் சொன்னார். தமிழில் அந்தச் சொல்லுக்குப் புதைப்பது என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னேன். அவள் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “உள்ள ரெண்டு கபுரு இருக்குல்லா, இப்பவும் இருக்கா?” என்றாள்.

இருக்கிறது. ஜாலி வழியாகப் பார்த்திருக்கிறேன். பெரியது அவுலியா. பக்கத்தில் சின்னது ஒன்று. அது அவருடைய சீடர் என்று எல்லோரும் சொல்வார்கள்.

“சீடரா? போக்கத்தவனுவ. அது அவுவ பொஞ்சாதி. அந்தக் காலத்துல அங்கன பெருக்குன ஒரு அம்மா எனக்குப் போர்வையத் தூக்கியே காட்டிச்சு. இந்தப் பக்கத்துல ஆம்பள கபுருன்னா மேல பேனாப் பெட்டி மாதிரி மேடா வச்சிருப்பாவளாம். பொம்பளைன்னா சிலேட்டு மாதிரி சப்பட்டையா இருக்கும். பேனா அவுவ, சிலேட்டு இவ. சின்னது சப்பட்டைதான், நான் கையால தடவிப் பாத்திருக்கேன்.”

உம்மாவுக்கு அந்த அம்மாவின் பாஷை தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் ஜாடையிலேயே இவ்வளவையும் பேசியிருக்கிறார்கள். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவள் எதையோ கதை சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். மனுவில் இதைச் சேர்க்கவும் இல்லை. படித்தவளின் மேதாவித்தனம்.

மனுவை நானே அடித்தேன். மும்பையில் சில பெண்கள் இதேபோல ஒரு தர்காவுக்காக வழக்குப் போட்டு, பெண்களை உள்ளறைக்கு விடாமல் தடுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அங்கே உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை அச்செடுத்து, காளிகாட்டில் ஏறி டாலிகஞ்சில் இறங்கும்வரை மெட்ரோவில் தினமும் படித்தேன். சமத்துவத்துக்குப் பதினான்காவது பிரிவு, பாகுபாட்டுக்குப் பதினைந்தாவது, வழிபாட்டுக்கு இருபத்தைந்தாவது. இத்தனை வருஷமும் வேறு யாருக்காகவோ அடித்த எண்கள். பம்பாய்த் தீர்ப்பு கல்கத்தாவைக் கட்டாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாடகைப் பந்தல்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. கமிட்டிக்கு ஒரு பிரதி, வக்பு அலுவலகத்துக்கு ஒரு பிரதி, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு பிரதி என்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

விஷயம் வெளியே தெரிந்ததும் வந்த ஆதரவைத்தான் தாங்க முடியவில்லை. ஆபீசில் என் மேலதிகாரி, அதுவரை எனக்குக் குட் மார்னிங் சொல்லாதவர், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உங்கள் பெண்கள் விழித்துக்கொண்டது ரொம்ப சந்தோஷம், உங்கள் ஆண்கள் எல்லோரும் இப்படித்தானே” என்றார். போன வருஷம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வுக் கோப்பை எட்டு மாதம் மேஜையில் வைத்துக்கொண்டிருந்த உத்தமர். என்மேல் கரிசனம் காட்ட அவருக்கு என் மதம் தேவைப்பட்டது. நான் நன்றி சொல்லிவிட்டுக் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். நாற்காலி தன் இடத்துக்குப் போய்விட்டது.

கீழ்வீட்டில் இருக்கும் தமிழ் அம்மாள் காபிக்குக் கூப்பிட்டார். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிற குடும்பம். “பாவம், உங்கள்ல பொம்மனாட்டிகளுக்கு ரொம்பக் கட்டுப்பாடு, இல்லையா?” என்று ஆரம்பித்தார். குரலில் அத்தனை இரக்கம், முகத்தில் அத்தனை திருப்தி. உங்கள் மலைக்கோயில் வழக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தேன். காபி ஆறிப்போகிறது என்றார்.

என் கணவர் வேறு விதம். “வெளியில நம்மளப் பத்தி ஏற்கெனவே என்ன பேசிட்டிருக்கான்னு தெரியும்ல? இதுல நீயும் கேஸு கீஸுன்னு கெளம்பினா நம்ம சமுதாயத்துக்குத்தான் கெட்ட பேரு” என்றார். அவர் சொன்னதில் பாதி நிஜம், அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. வெளியே இருப்பவன் கல்லெறிவான் என்பதற்காக உள்ளே இருப்பவன் என் காலை மிதித்துக்கொண்டே நிற்கலாம், நான் கத்தக் கூடாது. சமுதாயத்தின் மானம் எப்போதும் யார் வாயில் பூட்டாகத் தொங்குகிறது என்று கேட்டேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கமிட்டியிலிருந்து பதில் வந்தது. மாண்புமிகு நீதிமன்றங்களின் கருத்தை மதித்து, ஆண் பெண் என்ற பேதமின்றி அனைவரையும் சமமாக நடத்தக் கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். நான் சந்தோஷத்தில் ஆபீசிலேயே கத்திவிட்டேன். உம்மாவுக்குப் போன் பண்ணிப் போர்வையை எடுத்து வைக்கச் சொன்னேன். அன்று வியாழக்கிழமை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, உம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பலகையைக் கழற்றியிருந்தார்கள். காதிம் தடுக்கவில்லை. உள்ளறைக்குள் கால் வைத்ததும் சமத்துவம் என்னவென்று புரிந்தது. இரண்டு கபுர்களையும் சுற்றி நாலடி தள்ளி இடுப்புயரத்துக்குப் பளபளவென்று ஸ்டீல் கம்பி. அதில் ஒரு சின்னக் கதவு, கதவில் பூட்டு. ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். யாரும் கபுரைத் தொடக் கூடாது. போர்வை கொண்டுவந்தால் காதிமிடம் கொடுக்க வேண்டும், அவர் போடுவார். காதிம்கள் எல்லோரும் ஆண்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். எனக்கு வேண்டிய நியாயத்தைக் கேட்டேன். அவர்கள் மற்றவர்களுக்கும் சேர்த்து அநியாயத்தைச் சமமாகப் பங்கு வைத்துவிட்டார்கள். செயலாளர் கம்பியில் சாய்ந்துகொண்டு, எப்படி என்பது போல என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தார்.

காதிம் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் நீட்டினார். உம்மா கொடுக்கவில்லை. கைத்தடியைக் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“நான் சொல்லுதத அப்படியே சொல்லு. கூட்டாத, குறைக்காத. அந்தச் சின்ன கபுரு யாருது?”

ஹிந்தியில் கேட்டேன். சீடருடையது என்றார் செயலாளர்.

“பொய்யி. அது பொம்பள. போர்வையத் தூக்கிப் பாக்கச் சொல்லு. சப்பட்டையா இருக்கும்.”

நான் சத்தமாகத்தான் சொன்னேன். இரண்டு பக்கத்திலிருந்தும் தலைகள் திரும்பின. செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் காதிம் மெதுவாக, “சப்பட்டைதான். உரூஸுக்கு நான்தானே பன்னீர் விட்டுக் கழுவுகிறேன்” என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்மேல்தான் எனக்குக் கோபமில்லை. சப்பட்டை என்றால் என்னவென்று அங்கே வலது பக்கம் நின்ற இரண்டு மூன்று வயசாளிகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உம்மா தொடர்ந்தாள். “அப்ப இவுவள்ட்ட கேளு. பொம்பள ஆம்பள கபுரத் தொடக் கூடாது, சரி. அன்னிய ஆம்பள பொம்பளயத் தொடலாமா? தினமும் அவ மேல கெடக்க துணிய உருவிட்டு வேற துணி போடுதது யாரு? வருசா வருசம் அவளக் குளிப்பாட்டுதது யாரு? அவளுக்கு இவனுவ யாரு, அண்ணனா, தம்பியா, பெத்த வாப்பாவா? வெக்கமா இல்ல?”

கடைசி இரண்டு வார்த்தையையும் நான் விடாமல் மொழிபெயர்த்தேன். முப்பது வருஷ வேலையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வார்த்தை வார்த்தையாக எடுத்துக் கொடுத்ததில்லை. இடது பக்கத்திலிருந்து ஒரு வங்காளப் பெண்மணி, “டீக் கொதா!” என்றார், சரியான பேச்சு என்று. அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து குரல்கள். வலது பக்கத்து வயசாளி ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு, அந்தம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, இது பெரிய பாவமல்லவா என்று ஆரம்பித்துவிட்டார். காதிம் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

செயலாளருக்கு வியர்த்தது. மூன்று சட்டப் பிரிவுகளைக் காட்டியும் அசையாத ஆள், தான் போட்ட கணக்கு தன் தலையிலேயே விழுந்ததும் அசடு வழிந்தார். கொஞ்ச நேரம் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, மாஷிமா வயதானவர், ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கிறார், இன்று ஒரு நாள் மட்டும், அந்தச் சின்ன கபுருக்கு மட்டும் என்று பூட்டைத் திறந்தார். தர்மம் பண்ணுகிற முகபாவம். உம்மாவின் பின்னால் நானும் கால் எடுத்து வைத்தேன். “ஆப் நஹி” என்று கதவைச் சாத்திவிட்டார்.

உம்மா தடியில்லாமல் கபுரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதலில் சின்னதன் பக்கத்தில் போய் நின்றாள். செயலாளர் நிம்மதியாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பி ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். உம்மா போர்வையை விரித்து ஒரே வீச்சில் பெரியதன் மேல் போட்டாள். யாரோ ஐயோ என்றார்கள். அவள் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஜரிகை ஓரத்தை நாலு பக்கமும் இழுத்துவிட்டு, தலைமாட்டில் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள். என் குழந்தைகளுக்கு அவள் இப்படித்தான் போர்த்திவிடுவாள். அது முடிந்த பிறகுதான் சின்ன கபுரின் பக்கம் திரும்பினாள். அதன் மேல் ஏற்கெனவே கிடந்த போர்வைக்கு அடியில் கையை விட்டு அந்தச் சப்பட்டைக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“வாரேன் புள்ள” என்றாள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆபரேஷனுக்குக்கூட நான் அழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உம்மாவை ரயிலேற்றி அனுப்பினோம். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டாள். அவளுடைய காரியம் முடிந்துவிட்டது. என்னுடையதும் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மாதம் ஒன்று போயிருக்கும். சந்து வழியாக வந்தவள் எட்டிப் பார்த்தேன். உள்ளறையை மரப்பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். வலது பக்கம் பெரிய கபுர், ஆண்களுக்கு. அந்தப் பக்கத்து ஸ்டீல் கம்பியைக் காணோம். சமமாக இருக்க அங்கே பெண்ணே இல்லாதபோது கம்பி எதற்கு? பழையபடி அவர்கள் போய்க் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். இடது பக்கம் சின்ன கபுர், பெண்களுக்கு. அதைச் சுற்றிலும் கூரையிலிருந்து தரைவரை கனமான பச்சைத் திரை. கல்யாணப் பந்தலில் கட்டுகிற அதே திரை. பெண்கள் திரைக்கு வெளியே உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். இருநூறு வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்குப் பர்தா போட்டுவிட்டார்கள்.

செயலாளர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். உங்கள் அம்மா கண்ணைத் திறந்தார், அவர் சொன்னதுபோலவே செய்துவிட்டோம், இப்போது எந்தக் கோர்ட்டும் எங்களைக் குறை சொல்ல முடியாது என்றார்.

“திரைக்குள்ளே போர்வையை மாற்றுவது யார்?” என்று கேட்டேன்.

“காதிம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டுதான் மாற்றுவார், மேடம்.”

கேலி இல்லை. மனதாரச் சொன்னார்.

நான் அவுலியா இருக்கும் பக்கம் போக வேண்டும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். “மறுபடியும் நேர்ச்சையா? யாருக்கு உடம்பு சரியில்லை?”

யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

“பின்னே எதற்கு?”

அப்போது ஒரு ஆள் ஹெல்மெட்டைக் கழற்றாமல், தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிய போனில் பேசிக்கொண்டே அந்த வாசலுக்குள் நுழைந்தார். ஒரு நிமிஷம் கழித்துப் பேச்சை விடாமலே திரும்பி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவரிடம் யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. உம்மாவுக்கு ஒரு நேர்ச்சை இருந்தது, முட்டிவலி இருந்தது, வயது இருந்தது. அவற்றைப் பார்த்துத்தான் பூட்டைத் திறந்தார்கள். எனக்குக் காட்ட எதுவும் இல்லை.

“எம்னி” என்றேன் வங்காளத்தில். சும்மா.

கர்ப்பப்பை, சட்டம், தீர்ப்பு என்று நான் என்னென்னவோ சொன்னபோதெல்லாம் நாற்காலியை விட்டு அசையாதவர், அந்த ஒரு வார்த்தைக்கு எழுந்து போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.